உயிலுக்கு முந்திய கணக்கு

செட்டிநாட்டுக் குடும்பங்களில் உயில் பற்றிய பேச்சு எழுந்தால் பெரும்பாலும் யாருக்கு எதை எழுதுவது என்ற கேள்வியிலேயே அது தொடங்குகிறது. அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு என்பதையும், நம் பக்கத்தில் அதுவே கடினமானது என்பதையும், என் உயிலை இந்த ஆண்டு புதுப்பித்து எழுதியபோது முழுமையாக உணர்ந்தேன். நம்முடையது எது, எவ்வளவு, எந்த உரிமையில் நம்மிடம் வந்தது என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை காணாமல் எழுதும் உயில், எவ்வளவு அன்போடு எழுதப்பட்டாலும், பிள்ளைகளிடையே மனக்கசப்பை விதைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

நானும் என் கணவரும் பல ஆண்டுகளுக்கு முன் தனித்தனியே உயில் எழுதினோம். அவர் தம் சொத்துகளை எனக்கும், நான் என் சொத்துகளை அவருக்கும் எழுதியிருந்தோம். அவர் காலமானபின் அவருடைய உயிலின்படி அவருடையவை எனக்கு வந்தன. என் உயிலோ இல்லாத ஒருவருக்கு எழுதியதாக நின்றது. உயில் எழுதியவருக்கு முன்பே அதைப் பெற வேண்டியவர் இறந்துவிட்டால், அவருக்கென்று எழுதியது பொதுவாகச் செல்லாமற்போகும் என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. பெற்ற பிள்ளைக்கு எழுதி, அப்பிள்ளை தன் சந்ததியை விட்டுவிட்டு முன்னதாக இறந்தால் மட்டும், உயிலில் வேறு விதமாகச் சொல்லியிராத வரையில், அந்த ஏற்பாடு அழியாது. கணவன் மனைவிக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே துணையை இழந்தவர்கள், இறப்புச் சான்றிதழ் வாங்கும் வேலைகள் முடிந்த கையோடு தம் உயிலையும் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

என் கணவர் வழியே எனக்கு வந்தவற்றில் முதன்மையானது ஊரில் உள்ள பூர்விக வீட்டின் பங்கு. நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதன் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, பட்டாலை, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாங்கட்டு என்று நீளும் அந்த வீட்டில், வளவைச் சுற்றியுள்ள அறைகளை ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று முன்னோர் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அறையின் சாவி நம்மிடம் இருக்கிறது, நம் சாமான்கள் அதற்குள் இருக்கின்றன, ஆகவே அந்த அறை நம்முடையது என்றே நாம் பேசி வருகிறோம். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் அறை என்ற பேச்சே இருக்காது. முழு மனையிலும் முழுக் கட்டடத்திலும் பிரிபடாத இத்தனையில் ஒரு பங்கு என்றுதான் இருக்கும். கொள்ளுப்பாட்டனாருக்கு நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. அடுத்த தலைமுறையில் ஒரு கிளையில் ஒரே பிள்ளை இருந்தால் அவருக்கு அந்தக் கால் பங்கு முழுவதும், மற்றொரு கிளையில் மூவர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டில் ஒன்று. அடுத்தடுத்த அறைகளின் சாவியை வைத்திருக்கும் இரண்டு பங்காளிகளின் உரிமை இப்படி மும்மடங்கு வேறுபட்டிருக்கக்கூடும்.

‘வளவில் கிழக்குப் பக்கத்து அறையை என் மகனுக்கு எழுதி வைக்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால், தம் பெயரில் தனியாக இல்லாத ஒன்றை எழுதியவராகிறார். தம்மிடம் உள்ள பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாதவராகவும் ஆகிவிடுகிறார். பங்கையே முதலில் எழுத வேண்டும்; அந்தப் பங்கைச் சார்ந்து இந்த அறை நம் அனுபவத்தில் இருந்து வருகிறது என்பதை அதை அடுத்துக் குறிப்பிடலாம். வாய்மொழியாகவே முன்னோர் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மகளுக்குள்ள உரிமையை மறுப்பதற்கு வாய்மொழிப் பாகத்தைக் காட்டுவது எளிதன்று. பதிவு செய்த பத்திரத்தையோ நீதிமன்றத் தீர்ப்பாணையையோதான் சட்டம் பொதுவாகப் பாகப்பிரிவினை என்று ஏற்கிறது.

பெண்மக்களின் உரிமை பற்றி நம்மிடையே இன்னும் பழைய எண்ணமே இருக்கிறது. கல்யாணத்தின்போது சீர் செய்து அனுப்பிவிட்டோம், வீட்டில் அவளுக்குப் பங்கில்லை என்று பெரியவர்கள் மனதார நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25ஆம் தேதி முதலே, அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாடும் நீங்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே கூட்டுக் குடும்பச் சொத்து முழுவதையும் மகன்களுக்கு மட்டும் எழுதி வைக்கும் உயில், எழுதுபவரின் சொந்தப் பங்கின் அளவுக்கே செல்லும். மகளின் பங்கை அது தொட முடியாது.

சொந்தப் பங்கு என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தந்தை 1956க்குப் பின் உயில் எழுதாமல் இறந்து, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகனுக்கு வந்த அவருடைய தனிச்சொத்து, மகனுடைய கையிலும் தனிச்சொத்தாகவே இருக்கும் என்பது 1986ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தந்தையின் உயில் மூலம் வந்தது தனிச்சொத்தா, பேரப்பிள்ளைகளுக்கும் பிறப்புரிமை உள்ள பூர்விகச் சொத்தா என்பது தந்தையின் எண்ணத்தைப் பொறுத்தது. அதை உயிலின் வாசகத்திலிருந்தே அறிய வேண்டும் என்று, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1953ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திர எழுத்தர்கள் எழுதும் ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்ற தொடரை வெறும் சம்பிரதாயம் என்று கருதி நீக்கிவிடக் கூடாது என்று எங்கள் வழக்கறிஞர் வற்புறுத்தியதன் காரணம் இதுதான். மாறாக, மனைவிக்கு ‘ஆயுள் வரை அனுபவ பாத்தியதை மட்டும்’ என்று எழுதினால் அவர் அந்தச் சொத்தை விற்கவோ வேறொருவருக்கு எழுதவோ முடியாத நிலை வரலாம். அதைத் தெரிந்து எழுதுவது வேறு, பழைய உயில் ஒன்றைப் பார்த்து அப்படியே படியெடுப்பது வேறு.

இவற்றையெல்லாம் உறுதி செய்யக் காகிதங்கள் வேண்டும். பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம், மனை நத்தத்தில் இருந்தால் நத்தம் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை முதலில் திரட்டினேன். பழைய பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேடவேண்டியிருந்தது. அதற்குப் பொறுமை தேவை. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் என்றோ காலமான ஒரு பெரியவரின் பெயரிலேயே தொடர்வது நம் ஊர்களில் சாதாரணம். ரசீதில் பெயர் இருப்பதனாலேயே முழு வீடும் அவருடையதாகிவிடாது. பெயர் இல்லை என்பதனால் நம் பங்கு போய்விடுவதும் இல்லை. ‘எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பங்காளி கல்யாண வீட்டில் நல்ல மனதோடு சொன்னதும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகிவிடாது. அவர் பதிவு செய்து கொடுக்காத வரையில் அந்தப் பங்கு அவருடையதே. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது.

இந்தக் கணக்கை நாம் ஒத்திப்போட்டுக்கொண்டே போவதன் விளைவை நம் தெருக்களில் காண்கிறோம். பங்குகள் சிதறி, யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்றே தெரியாமல், பழுது பார்க்க ஒருவரும் முன்வராமல், இறுதியில் இடித்து விற்கப்பட்ட வீடுகள் எத்தனை. அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் உயில் இல்லாததே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கை ஒருவர் அல்லது இருவர் பெயரில் தெளிவாக எழுதிச் சென்றிருந்தால், கூடிப் பேசி முடிவெடுக்கும் அளவுக்காவது பங்காளிகளின் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்திருக்கும். வெளியார் ஒருவர் பங்கை வாங்கிப் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தால், குடும்பப் பங்காளி அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி தருகிறது. அந்த வழியைப் பயன்படுத்துவதற்கும் தம் பங்கு எது என்று காட்டக்கூடிய காகிதம் கையில் இருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், நான் மிகவும் அக்கறை கொள்வது நம் பெண்களின் சொத்தைப் பற்றித்தான். சீர்ப்பணம், அதிலிருந்து வளர்ந்த வைப்புநிதி, கழுத்துரு என்னும் தாலி, வைரத் தோடு, வெள்ளிச் சாமான், அறை நிறைய வெங்கலமும் எவர்சில்வரும் எனாமலும் என்று நம் ஆச்சிமார்களின் பெயரில் இருப்பது சிறிய சொத்தன்று. அதை எழுதி வைக்கும் பழக்கமும் நமக்குப் புதிதன்று. கல்யாணத்தில் என்னென்ன கொடுக்கப்பட்டது என்பதை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளும் முறைச்சிட்டை நம்முடைய வழக்கம். அவ்வளவு கணக்காகப் பெற்றுக்கொண்ட ஒரு பெண், தனக்குப் பிறகு அது யாருக்கு என்பதை மட்டும் எழுதாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு இந்துப் பெண் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் என்பதை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உறுதி செய்கிறது. உயில் எழுதாமல் அவள் இறந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த பிரிவு சொல்கிறது. பிள்ளைகளும் கணவரும் இருந்தால் அவர்களுக்குச் சமமாகப் போகும். கணவரும் இல்லை, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இல்லை என்றால், அவள் தானாகச் சம்பாதித்ததும் சேமித்ததும் அவளுடைய பெற்றோருக்கு முன்னால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகளோ அவர்கள் வழிப் பேரப்பிள்ளைகளோ இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆயுள் முழுவதும் வேலை பார்த்து, வயதான தன் ஆத்தாவைத் தானே காப்பாற்றி வரும் ஒரு பெண்ணின் சேமிப்பு, அந்த ஆத்தாவைத் தாண்டி, அவள் முகமே அறியாத கணவர் வழி உறவினர் ஒருவருக்குப் போகலாம் என்பதே இதன் பொருள். 2025 நவம்பரில் இந்தப் பிரிவைப் பற்றிய வழக்கொன்றில், பெண்கள் அனைவரும், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. பிள்ளை இல்லாத, துணையை இழந்த, அல்லது தனித்து வாழும் பெண்கள் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

என் ஆத்தாவிடம் இதைப் பற்றிப் பேசத் தயங்கினேன். உயிருள்ள பெற்றோரிடம் உயிலைப் பற்றிக் கேட்பது அவர்களுடைய முடிவை எதிர்பார்ப்பதாகத் தோன்றுமே என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. என் உயிலின் நகலை அவரிடம் படித்துக் காட்டி, நான் எழுதிவிட்டேன் என்று சொன்ன பிறகே பேச்சு இயல்பாகத் திரும்பியது. “எனக்கு என்னடி இருக்கு எழுதி வைக்கிறதுக்கு? இருக்கிறத நீங்க அக்கா தங்கச்சி பாத்து எடுத்துக்கங்க” என்றார். பிறகு ஒவ்வொன்றாக அவரே சொல்லத் தொடங்கினார்: மூக்குத்தி யாருக்கு, வெள்ளிக் குத்துவிளக்கு யாருக்கு, தம்மோடு பல காலம் இருந்து சமைத்துப் போட்டவருக்கு எவ்வளவு பணம். இருப்பது என்னவென்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. பெற்றோரிடம் பேச விரும்புகிறவர்கள் தம் உயிலை முதலில் எழுதிவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து.

எழுதும் முறை எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருப்பவர் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திடுவதைப் பார்த்த, அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று அவரே சொல்லக் கேட்ட, இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன்பெறுபவர் சாட்சியாக இருப்பதைத் தவிர்ப்பது நல்லது. எழுதும் ஏற்பாடுகளிலும் அவர் முன்னின்று நடத்தாமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு. நம்மைவிட இளையவர்களாகவும் தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகவும் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் உயிலை நிரூபிக்கும் காலத்தில் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கலாம். மிக முதியவர்கள் மருத்துவரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்கி இணைத்துக்கொள்ளலாம். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் நான் பதிவு செய்தேன். மூலம் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும், நான் உயிரோடு இருக்கும்வரை என்னையும் என் முகவரையும் தவிர வேறொருவருக்கும் அதைத் தர மாட்டார்கள்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன், அதுவே போதும் என்று பலர் சொல்கிறார்கள். வைப்புநிதிக்கும் பங்குகளுக்கும் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே. உரிமையாளர் உயிலின்படியோ சட்டத்தின்படியோ வரும் வாரிசுதான். பங்குப் பத்திரங்களைப் பொறுத்தவரை இதை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகக் குறித்தால் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலை வேறு. உயிலில் உள்ள பெயரும் நாமினி பெயரும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே வீண் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

வெளிநாட்டில் சொத்துள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள வீட்டுக்கும் நிலத்துக்கும் அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும் என்பதால், பலர் அங்கே தனி உயில் எழுதி வைக்கிறார்கள். அது சரியான ஏற்பாடே. ஆனால் ஊருக்கு வந்து இங்குள்ள சொத்துக்கு உயில் எழுதும்போது, ‘இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்ற வழக்கமான வரியைச் சேர்த்துவிட்டால், அங்குள்ள உயிலும் சேர்ந்து ரத்தாகும் ஆபத்து இருக்கிறது. ‘இந்தியாவில் உள்ள சொத்துகளைப் பொறுத்த முந்தைய உயில்கள்’ என்று வரையறுத்து எழுத வேண்டும்.

சிறிய மாற்றத்துக்கு முழு உயிலையும் மாற்ற வேண்டியதில்லை. பிற்சேர்க்கை ஒன்றை, அதே போல் இரண்டு சாட்சிகளோடு, எழுதிக்கொள்ளலாம். பழைய தாளிலேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் பேனாவால் எழுதிவைப்பது மட்டும் கூடாது. உரிய கையொப்பமும் சாட்சியும் இல்லாத திருத்தம் செல்லாது. என்னுடையதில் மாற்றம் பெரிது என்பதால் புதிதாகவே எழுதினேன். பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, குடும்பங்களும் அதையொட்டி உயிலைப் பார்க்க வேண்டும். கூட்டிய பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் எல்லா உரிமைகளும் உண்டு. ஆயினும், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், கூட்டியவர் தம் சொத்தைத் தம் விருப்பப்படி எழுதும் உரிமையை இழப்பதில்லை.

உயிலால் கொடுக்க முடியாதவையும் உண்டு. கோயில் புள்ளி, அதாவது நம் நகரத்தார் கோயிலில் ஒரு குடும்பமாகக் கணக்கில் சேர்வது, நகரத்தார் வழக்கப்படி வருவதே தவிர எழுதிக் கொடுப்பதால் வருவதன்று. முன்னோர் வைத்த அறக்கட்டளையின் சொத்து அறக்கட்டளையுடையது. நம் பங்கோடு சேர்த்து அதை எழுத இயலாது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் அனைவருக்கும் வீடு திறந்திருக்க வேண்டும், பராமரிப்புக்கு நம் பங்குக்குரிய தொகை தவறாமல் போக வேண்டும் என்பவற்றை என் விருப்பமாக உயிலின் இறுதியில் எழுதியிருக்கிறேன். பங்கை மகனுக்கும் மகளுக்கும் சமமாக எழுதினேன். என் கொழுந்தனாருக்கு அதில் முதலில் வருத்தம் இருந்தது. சட்டத்தைக் காரணம் காட்டாமல், இரண்டு பிள்ளைகளும் எனக்கு ஒன்று என்று மட்டும் சொன்னேன், அவரும் அதற்கு மேல் பேசவில்லை. உயிலை நிறைவேற்றுபவராகத் தேவகோட்டையில் உள்ள உறவுப் பெண் ஒருத்தியை, அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே நியமித்தேன். லாக்கர் சாவி, பத்திரங்கள், சாமான் பட்டியல் ஆகியவை இருக்குமிடம் அவளுக்குத் தெரியும்.

ஒன்று இன்னும் முடியவில்லை. சிங்கப்பூரில் உள்ள பங்காளி ஒருவர் தம் பங்கை எங்களில் மூவருக்கு விடுதலை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போதுதான் பதிவு நடக்கும். அது நடந்தால் என் பங்கின் அளவு கூடும். அதற்காக உயிலை மீண்டும் எழுத வேண்டியிராதபடி, இன்றைய பங்கை விவரமாகக் குறித்து, ‘இதுவும், என் மறைவின்போது இந்த வீட்டில் எனக்குள்ள மற்ற எல்லாப் பங்கும் உரிமையும்’ என்று எழுதியிருக்கிறோம்.